பல்கலைக்கழகம் எதைக் கற்றுக்கொண்டது?

கனடா நாட்டின் கிழக்குக் கடலோரத்தில் இருந்த ஒரு சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், தன்னைச் சூழ்ந்து வாழ்ந்த மீனவரோடும் உழவரோடும் சுரங்கத் தொழிலாளரோடும் கைகோத்த வரலாற்றைச் சொல்லும் நூல் ஒன்று 1939ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வெளிவந்தது. அதன் பெயரைத் தமிழில் ‘தங்கள் விதியைத் தாங்களே ஆள்வோர்’ எனலாம். ஆசிரியர் மோசஸ் கோடி அடிகளார். (நம் செவிக்கு எண்ணுப் பெயராக ஒலித்தாலும், இஃது அயர்லாந்து வழிவந்த ஒரு குடும்பப் பெயர்.) சமூகப் பணியைப் பற்றிப் பேசும் அருட்பணியாளரும் துறவியரும் இந்நூலை இன்றளவும் மரியாதையோடு குறிப்பிடுகின்றனர். மரியாதை மிகுந்த நூல்களுக்கு நேரும் கேடு ஒன்றுண்டு: அவற்றை எடுத்துக்காட்டுவோர் பலர், எதிர்நின்று வினவுவோர் சிலரே. ஒரு பல்கலைக்கழகம் தன் சுற்றுவட்டார மக்களோடு எவ்வாறு கூட்டாளியாக முடியும் என்னும் கேள்வியை உள்ளத்தில் கொண்டு இந்நூலைப் படிப்பவர், அதன் ஒளியோடு அதன் நிழலையும் காண்பார். இரண்டையும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலின் களம் நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் கிழக்குப் பகுதி. அங்கே 1853இல் அரிஷாட் என்னும் ஊரில் தொடங்கப்பெற்று, 1855இல் அந்திகோனிஷ் நகருக்கு இடம் மாறிய கல்லூரியே தூய பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம். ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறிய ஏழைகளின் பிள்ளைகளும், அகேடியர் எனப்படும் பிரெஞ்சு வழிவந்தோரின் பிள்ளைகளும் அங்கே பயின்றனர். அவர்களில் பலர் அருட்பணியாளராயினர். ஏனையோர் ஆசிரியராகவும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் வெளியேறினர். வெளியேறினர் என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நிலம் வறண்டது, மீன் விலை வீழ்ந்தது, படித்தவரும் படியாதவருமாக ஆயிரக்கணக்கானோர் பாஸ்டன் நகரை நோக்கிச் சென்றுகொண்டிருந்த காலம் அது.

கோடி அடிகளாரைப் பற்றிப் பேசுமுன் மற்றொருவரைப் பற்றிப் பேச வேண்டும். அவருடைய உறவினரும், அவரைப் போலவே மார்கரி பள்ளத்தாக்கில் பிறந்தவருமான ஜிம்மி டாம்ப்கின்ஸ் அடிகளார் அப்பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவராக இருந்தவர். குள்ளமான உருவம், ஓயாத நாக்கு, கையில் எப்போதும் எவரிடமாவது திணிப்பதற்கென ஒரு சிறு நூல். 1912இல் இலண்டனில் நடைபெற்ற பேரரசுப் பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குச் சென்றுவந்த பின்னர், கல்லூரிச் சுவருக்கு வெளியே உள்ள முதியோர்க்குக் கல்வி தருவது எவ்வாறு என்ற ஒரே சிந்தனையில் அவர் ஆழ்ந்தார். 1918இல் ‘காஸ்கெட்’ என்னும் அந்திகோனிஷ் வார இதழில் ‘மக்களுக்காக’ என்றொரு பகுதியைத் தொடங்கினார். 1921இல் ‘மக்களுக்கு அறிவு’ என்னும் சிறு வெளியீட்டை அச்சிட்டுப் பரப்பினார். அதே ஆண்டில், பள்ளிப் படிப்பை முடிக்காத உழவரையும் தொழிலாளரையும் சில வாரங்களுக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்கே வரவழைத்து ‘மக்கள் பள்ளி’ நடத்தினார். மறைமாவட்ட வட்டாரத்து இதழொன்றின் ஒரு பத்தி இத்தகைய இயக்கத்துக்கு விதையானது என்பதை இவ்விதழின் வாசகர்கள் கேட்டு மகிழலாம்.

ஆயினும் அவர் அங்கேயே நிலைக்கவில்லை. கடலோர மாநிலங்களின் சிறு பல்கலைக்கழகங்கள் அனைத்தும் ஹாலிஃபாக்ஸ் நகரில் ஒரே கூட்டமைப்பாக இணைய வேண்டும் என்று கார்னெகி அறநிறுவனம் முன்வைத்த திட்டத்தை அவர் வெளிப்படையாக ஆதரித்தார். ஆயர் மாரிசனும் ஆட்சிக் குழுவும் அத்திட்டத்தை மறுத்தனர். 1922இன் இறுதியில் டாம்ப்கின்ஸ், மறைமாவட்டத்தின் கடைக்கோடியில் கிடந்த கான்சோ என்னும் மீனவர் பங்குக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பல்கலைக்கழகத்தை மாற்ற விரும்பிய மனிதரைப் பல்கலைக்கழகம் கடற்கரைக்கு அனுப்பிற்று. கடற்கரையோ அவரை மாற்றி, அவர் வழியாகப் பல்கலைக்கழகத்தையும் அசைத்தது. இதனை இறைத்திட்டம் என்பார் சிலர். எவ்வாறாயினும், இந்தக் கூட்டுறவின் கருவறை எந்தப் பேரவைக் கூடமும் அன்று என்பது வரலாறு. அது மீன் நாற்றம் வீசிய ஒரு பங்கு இல்லம்.

கான்சோவில் அவர் கண்டது என்ன? மீனை வாங்கும் வணிகரே வலையும் கயிறும் மாவும் மண்ணெண்ணெயும் கடனுக்குக் கொடுத்தார். கடனை மீனாகத் திருப்ப வேண்டும். மீனின் விலையைக் கடன் கொடுத்தவரே நிறுத்தார். ஆண்டு முடிவில் கணக்கேடு மீனவனுக்கு எதிராகவே மூடும். தரகரிடம் முன்பணம் பெற்று, பிடித்த மீனை அவருக்கே விற்கக் கட்டுண்ட நம் கடலோர மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1927 சூலை முதல் நாள் கனடாக் கூட்டாட்சியின் அறுபதாம் ஆண்டு விழா நாடெங்கும் கொண்டாடப்பட்டபோது, கொண்டாட எங்களிடம் என்ன இருக்கிறது என்று கான்சோ மீனவர்கள் கூடிக் கேட்டனர். டாம்ப்கின்ஸ் அக்குரலைச் செய்தித்தாள்களுக்குக் கொண்டு சென்றார். அரசு ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. கோடி அடிகளார் அவ்வாணையத்தின் முன் சான்று கூறினார். முன்னாள் மாணவர்களும் ஸ்காட்டியக் கத்தோலிக்கச் சங்கத்தினரும் நெருக்கியதன் பேரில், 1928இல் பல்கலைக்கழகம் விரிவாக்கத் துறையை நிறுவி, கோடி அடிகளாரை அதன் இயக்குநராக்கியது. ஸ்காட்டியச் சங்கம் இப்பணியைத் தானே மேற்கொள்ள முனைந்திராவிட்டால் பல்கலைக்கழகம் இவ்வளவு விரைந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் பின்னாலிருந்து தள்ளப்பட்டே முன்னேறுகின்றன.

இனி வருவது நூலின் மிகச் சிறந்த பகுதி. கோடி அடிகளார் ஊரூராகச் செல்கிறார். ஓங்கிய உருவமும் இடிக்குரலும் கொண்ட அவர் பொதுக்கூட்டத்தில் மக்களை முதலில் உலுக்குகிறார். பிறகு கூட்டம் சிறு குழுக்களாகப் பிரிகிறது. ஐந்து முதல் பத்துப் பேர் வரை, வாரம் ஒருமுறை, ஏதேனும் ஒரு வீட்டின் அடுக்களையில், விளக்கொளியில் கூடுகின்றனர். பல்கலைக்கழகத்திலிருந்து சிறு வெளியீடுகள் அஞ்சலில் வருகின்றன. படிக்கத் தெரிந்தவர் படிக்கிறார். மற்றவர் கேட்டு வாதிடுகிறார். மாதந்தோறும் பல வட்டங்கள் ஒன்றுகூடித் தாம் கற்றவற்றைப் பகிர்கின்றன. பேச்சு பேச்சோடு நிற்பதில்லை. ஒவ்வொரு வட்டமும் ஒரு செயலில் முடிய வேண்டும் என்பது விதி. கடன் சங்கம், கூட்டுறவுப் பண்டகசாலை, சிங்கி இறாலை டப்பாவில் அடைக்கும் சிறு ஆலை, எது இயலுமோ அது. லிட்டில் டோவர் என்ற சிற்றூரின் மீனவர்கள், எவரும் நிதி ஒதுக்கும்வரை காத்திராமல், தாங்களே காட்டில் மரம் வெட்டி வந்து ஆலைக் கட்டடத்தை எழுப்பினர். 1930களின் இறுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிப்பு வட்டங்கள் இயங்கின. அவற்றில் ஏறத்தாழ 10,000 பேர் பங்கேற்றனர்.

கடன் சங்கத்தின் பொறிநுட்பம் மிக எளியது; எளிமையே அதன் வலிமை. வாரந்தோறும் உறுப்பினர் சில காசுகளைச் சேமிக்கின்றனர். சேர்ந்த தொகையிலிருந்து வலைக்கோ படகு இயந்திரத்துக்கோ விதைக்கோ ஓர் உறுப்பினருக்குக் கடன் தரப்படுகிறது. அவரை அறிந்த அண்டை வீட்டாரே அவருடைய நாணயத்துக்குச் சான்று. வணிகரின் கடனேட்டிலிருந்து ஒரு பெயர் அழிந்தால், அந்த மனிதர் தம் மீனை எங்கும் விற்கலாம். இதற்கென 1932இல் மாநிலச் சட்டம் இயற்றப்பட்டது. கத்தோலிக்கரல்லாதாரும் இச்சங்கங்களில் சமமாகச் சேர்க்கப்பட்டனர். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர் வகுத்த கூட்டுறவு நெறி சமய வேறுபாட்டை ஏற்பதில்லை. கோடி அடிகளார் அந்நெறியில் உறுதியாக நின்றார். 1930களின் கத்தோலிக்கச் சூழலில் இது சிறு துணிவன்று.

நூலின் கருத்துகளுள் இன்றும் நம்மைச் சுடுவது ஒன்றுண்டு. நாம் நடத்திவரும் கல்வி, ஊரிலிருந்து அறிவுக் கூர்மை மிக்க பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அப்புறப்படுத்தும் ஏற்பாடாக இருக்கிறது என்று அவர் குற்றம் சாட்டுகிறார். கெட்டிக்காரன் என்று ஆசிரியர் கண்டவுடன் அவனை ஊரைவிட்டு உயர்த்தி அனுப்பிவிடுகிறோம். எஞ்சியோர், தாம் எஞ்சியோர் என்ற எண்ணத்தோடு உழுகிறார்கள், வலை வீசுகிறார்கள். ஊர் தன் வரிப்பணத்தையும் காணிக்கையையும் செலவிட்டுத் தன் தலைவர்களைத் தானே இழக்கிறது. ஆகவே கல்வி, ஊரில் தங்கிவிட்ட பெரியவர்களிடம், அவர்களுடைய அன்றாடப் பிழைப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவர் முடிவு. நம் பங்குகளில் கல்லூரிப் பட்டம் பெற்ற இளைஞரின் எண்ணிக்கையை நன்றித் திருப்பலிகளில் பெருமையுடன் அறிவிக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் ஊரில் இருக்கின்றனர் என்று நானறிய எந்தப் பங்குப் பேரவையும் கணக்கெடுத்ததில்லை. இதற்காக இளைஞரைக் குறைகூறுவது முறையாகாது. ஊரில் அவர்களுக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம்?

இங்கேதான் நூலோடு என் வழக்குத் தொடங்குகிறது. இத்தனை கூர்மையான குற்றச்சாட்டை எழுப்பிய அடிகளார், அதனைத் தம் பல்கலைக்கழகத்தின் பகல்நேர வகுப்பறைகளுக்குள் கொண்டு செல்வதில்லை. ஊரில் தங்கியோர்க்கு விரிவாக்கத் துறை. ஊரைவிட்டுச் செல்வோர்க்குப் பட்டப்படிப்பு. இரண்டும் ஒரே வளாகத்தில், ஒன்றையொன்று பெரிதும் தொந்தரவு செய்யாமல் நடந்தன. பட்ட வகுப்பின் பாடத்திட்டம் கான்சோ மீனவரின் கணக்கேட்டால் எவ்வளவு மாறியது? அங்கே பொருளியல் பயின்ற மாணவர், அடுக்களை வட்டத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியவர் எனக் கருதப்பட்டாரா? நூல் இக்கேள்விகளின் வாயில் வரை நம்மை அழைத்துச் சென்று நிறுத்திவிடுகிறது. பல்கலைக்கழகம் தன் பக்கவாயிலை மக்களுக்கு அகலத் திறந்தது உண்மை. தலைவாயில் முன்போலவே பாஸ்டன் சாலையைப் பார்த்தவாறு நின்றது.

இரண்டாவது வழக்கு, மக்களின் வீழ்ச்சிக்கு அவர் கூறும் காரணத்தைப் பற்றியது. தங்கள் பொருளாதாரத்தைத் தாங்களே நடத்த வேண்டிய மக்கள், அதனைப் பிறர் கையில் விட்டுவிட்டுச் சும்மா இருந்தனர். அவர்கள் செய்யத் தவறியதே பெருங்குற்றம் என்பது அவர் வாதம். சோர்ந்து கிடப்பவனை எழுப்ப இந்த வாதம் உதவும். மேடையில் அதன் ஆற்றலை நன்கு உணர முடிகிறது. ஆனால் வரலாற்று விளக்கமாக அது குறையுடையது. கேப் பிரெட்டன் சுரங்கங்களில் 1920களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சும்மா இருந்தவர்கள் அல்லர். 1925 சூன் 11 அன்று நியூ வாட்டர்ஃபோர்டு ஊரில் நிறுவனத்தின் காவலர் சுட்டதில் வில்லியம் டேவிஸ் என்ற தொழிலாளி இறந்தார். அந்நாளை அங்குள்ளோர் இன்றும் நினைவுகூர்கின்றனர். பொதுவுடைமை பரவும் என்ற அச்சமும் இவ்வியக்கத்துக்குத் திருச்சபையின் ஆதரவைப் பெற்றுத்தந்தது என்பதை மறைப்பதற்கில்லை. உழைப்பாளரின் உரிமை குறித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் எழுதிய சுற்றுமடலை ஏந்திய கரங்களிலேயே அந்த அச்சமும் இருந்தது.

எனினும் நீதியாகச் சொல்ல வேண்டிய ஒன்றுண்டு. 1932இல் கிளேஸ் பே என்னும் சுரங்க நகரில் பல்கலைக்கழகம் கிளை அலுவலகம் திறந்தபோது, அதன் பொறுப்பில் அலெக்ஸ் மெக்கின்டைர் என்பவரை அமர்த்தியது. அவர் தொழிற்சங்கத்தின் இடதுசாரித் தலைவராக இருந்து, 1925 வேலைநிறுத்தத்துக்குப் பின் எந்தச் சுரங்கத்திலும் வேலை கிடைக்காதவாறு விலக்கப்பட்டவர். அவரிடம் இருந்தது சுரங்கத்தின் இருட்டையும் சங்கத்தின் உட்பூசலையும் அறிந்த அறிவு. பல்கலைக்கழகம் அதற்கு ஊதியம் கொடுத்து ஏற்றுக்கொண்டது. புள்ளிவிவரம் நிறைந்த பக்கங்களைவிட இந்த ஒரு நியமனம் ‘கூட்டாளி’ என்ற சொல்லின் பொருளை எனக்கு விளக்குகிறது.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடுக்களையில் கூடிய வட்டங்கள் என்கிறோம்; அடுக்களை யாருடையது? விரிவாக்கத் துறையின் நூலகத்தைக் கட்டி வளர்த்து, பெண்களுக்கான பணிகளையும் நடத்தியவர் தூய மார்த்தா சபையின் அருட்சகோதரி மேரி மைக்கேல். அச்சபையே 1900இல் அக்கல்லூரியின் சமையலையும் இல்லப் பணியையும் கவனிப்பதற்கென உருவாக்கப்பட்டது என்பதை நினைத்தால், சமையலறையிலிருந்து நூலகத்துக்கு அச்சகோதரிகள் கடந்த தூரம் நமக்குப் புலப்படும். களப்பணியாளராக ஊரூராகச் சென்ற ஐடா கலாண்ட், பிற்காலத்தில் ஐடா டெலேனி என்ற பெயரில், ‘தங்கள் சொந்தக் கைகளால்’ எனப் பொருள்படும் தலைப்புள்ள நூலை 1985இல் எழுதினார். கோடி அடிகளாரின் நூலில் மேடையின் குரல் ஒலிக்கிறது. டெலேனியிடம் கிடைப்பது களத்தில் நடந்தவரின் பார்வை. முன்னதை மட்டும் படித்தவர் பாதியைத்தான் படித்திருக்கிறார்.

அறிவு ஒரே திசையில் ஓடியது என்பதே என் வழக்கின் மையம். வெளியீடுகள் அந்திகோனிஷில் எழுதப்பட்டு, ஊர்களில் படிக்கப்பட்டன. அதற்கு நேர்மாறாக நடந்த ஓரிடத்தை எடுத்துக்காட்டலாம். 1935இல் டாம்ப்கின்ஸ் அடிகளார் ரிசர்வ் மைன்ஸ் என்ற சுரங்கப் பங்குக்கு மாற்றப்பட்டார். பங்கு இல்லத்திலேயே நூலகம் திறந்தார். சுரங்க நிறுவனத்தின் சிதைந்த வாடகை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் சிலர், சொந்த வீடு கட்ட முடியுமா என்று கேட்டனர். மேரி ஆர்னால்டு என்ற அமெரிக்கப் பெண்மணி அவர்களோடு அமர்ந்தார். கடன், வட்டி, அடித்தளம், வடிகால், கூரை ஆகிய ஒவ்வொன்றையும் அவர்கள் மாதக்கணக்கில் கற்றனர். அட்டையில் மாதிரி வீடுகள் செய்து பார்த்தனர். பின்னர் 1938இல், பணிநேரம் போக எஞ்சிய பொழுதுகளில் தம் கைகளாலேயே வீடுகளை எழுப்பினர். அவ்விடத்துக்கு டாம்ப்கின்ஸ்வில் எனப் பெயர். அங்கே பாடத்திட்டத்தை வகுத்தது அத்தொழிலாளரின் கேள்வியே. கற்பிக்க வந்தவரும் வீடு கட்டுவதைப் பற்றி அவர்களோடு சேர்ந்து படிக்க வேண்டியிருந்தது.

மீனவரிடம் பல்கலைக்கழகம் கற்றிருக்கக்கூடிய பாடம் ஒன்று கைநழுவிப் போனது. 1927இலேயே கரையோர மீனவர்கள் நீராவி இழுவைக் கப்பல்களைப் பற்றி முறையிட்டனர்: அவை விலையைக் கெடுக்கின்றன, கடலின் அடித்தரையை வாரிச் செல்கின்றன என்றனர். ஆணையத்தின் பெரும்பான்மை உறுப்பினர் அக்கப்பல்களைத் தடைசெய்யவே பரிந்துரைத்தனர். விரிவாக்கத் துறையோ மீனை எப்படி விற்பது, எப்படிப் பதப்படுத்துவது, கடனை எப்படித் தீர்ப்பது என்பவற்றை நன்கு கற்பித்தது. கடலில் மீன் இருந்துகொண்டே இருக்கும் என்பதை ஏறக்குறைய எல்லாரும் ஐயமின்றி ஏற்றிருந்தனர். பின்னர்ப் பெருங்கப்பல்களின் காலம் வந்தது. 1980களில் அண்டை மாநிலமான நியூஃபவுண்ட்லாந்தின் கரையோர மீனவர்கள், காட் மீன் சிறுத்துவருகிறது, குறைந்துவருகிறது என்று எச்சரித்தனர். அரசின் அறிவியலாளர் கணக்கோ மீன்வளம் பெருகுவதாகக் காட்டியது. மீனவர் சங்கம் தானே முன்வந்து அங்குள்ள மெமோரியல் பல்கலைக்கழக உயிரியலாளரை அணுகி, அரசின் மதிப்பீட்டை ஆராயச் சொன்னது. 1986இல் வந்த அவ்வறிக்கை மீனவரின் ஐயத்துக்கு அடிப்படை உண்டென்றது. அதனை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1992 சூலையில் காட் மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. நியூஃபவுண்ட்லாந்தில் பல்லாயிரக்கணக்கானோர் ஒரே நாளில் தொழிலிழந்தனர். அடுத்த ஆண்டில் நோவா ஸ்கோஷியாவின் கிழக்குக் கடலிலும் அம்மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. வலையின் கனத்தைக் கையால் அறிந்தவரிடம் கேட்பதற்குக் கல்விக்கூடங்களில் அப்போது நாற்காலி போடப்பட்டிருக்கவில்லை.

அந்த நாற்காலி பிறகு போடப்பட்டது என்பதையும் மகிழ்ச்சியோடு பதிவு செய்ய வேண்டும். 2000ஆம் ஆண்டளவில் அதே தூய பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம், நிலைத்த மீன்வளத்துக்கான சமூக ஆய்வு என்றொரு கூட்டு முயற்சியைத் தொடங்கியது. அதன் கூட்டாளிகள் இருவர். ஒன்று, கான்சோ அடங்கிய கைஸ்பரோ மாவட்டத்தின் கரையோர மீனவர் சங்கம். மற்றொன்று, அந்திகோனிஷுக்கு அருகே வாழும் பக்தன்கெக் மிக்மாக் பழங்குடியினர். பல்கலைக்கழகம் நின்ற நிலமே மிக்மாக் மக்களின் பழைய நிலம். அந்திகோனிஷ் என்ற பெயரும் அவர்களுடைய மொழியிலிருந்தே வந்தது. மிக்மாக் மக்களுக்கு விலாங்கு மீன் உணவு மட்டுமன்று; மருந்தும் அதுவே, சடங்கிலும் அதற்கு இடமுண்டு. பனிக்காலத்தில் உறைந்த நீரைத் துளைத்து ஈட்டியால் அதனைப் பிடிப்பர். பிடித்ததை முதியோர்க்கும் உறவினர்க்கும் பகிர்ந்தளிப்பர். சந்தை மதிப்பில் சிங்கி இறாலுக்கு முன் விலாங்கு ஒன்றுமில்லை. எனவே ஆய்வாளர் தாமாக அதனைத் தேர்ந்தெடுத்திருக்க வாய்ப்பில்லை. ஆய்வில் விலாங்கு இடம்பெற்றதற்குக் காரணம், அம்மக்களுக்கு அது பொருட்டாக இருந்தது என்பதே. யார் எங்கே பிடித்தார், எப்போது குறைந்தது, யாருக்குப் பங்கிட்டார் என்ற முதியோரின் நினைவுகள் ஆய்வுச் சான்றுகளாயின. அதன் பயனாய் வெளிவந்த கட்டுரைகளில் அக்குடியைச் சேர்ந்தவரின் பெயர், தகவல் தந்தவர் வரிசையில் அன்றி, ஆசிரியர் வரிசையில் நிற்கிறது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் பல்கலைக்கழகம் மாணவன் இருக்கையில் அமர்ந்தது.

கோடி அடிகளார் 1952இல் நோயுற்று இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். 1959 சூலையில் இறையடி சேர்ந்தார். அதே ஆண்டின் இறுதியில் அவர் பெயரால் ஒரு பன்னாட்டு நிறுவனம் அப்பல்கலைக்கழகத்தில் அமைந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களிலிருந்து சமூகப் பணியாளர் அங்கே சென்று பயின்றனர். இந்தியாவிலிருந்து சென்ற அருட்பணியாளரும் துறவியரும் பொதுநிலையினரும் அவர்களுள் அடங்குவர். அவ்வழியாக அந்திகோனிஷ் முறை நம் நாட்டுக்கும் வந்தது. முறை எளிதில் பயணம் செய்கிறது. படிப்பு வட்டமும் கடன் சங்கமும் எந்த ஊரிலும் தொடங்கத் தக்கவை. அவற்றின் பின்னணியில் ஒரு கல்வி நிறுவனம் தன் பணத்தையும் பெயரையும் ஆள்களையும் ஈடாக வைத்தது என்பதே பயணத்தில் தொலைந்துபோகும் பகுதி. திரும்பி வந்தவர் மறைமாவட்டச் சமூகப் பணி மையத்தில் அமர்த்தப்படுகிறார். கல்லூரியோ தன் தரவரிசையைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைக் குறித்துத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1990இல் வெளியிட்ட திருத்தூது ஆவணம், தாம் இருக்கும் சமூகத்தின் துன்பங்களை ஆராய்ச்சிப் பொருளாக்க வேண்டும் என்று அவற்றைக் கேட்கிறது. மாணவர் ஓராண்டில் இத்தனை மணிநேரம் கிராமத்தில் இருந்தனர் என்று பதிவேட்டில் எழுதுவது அந்தக் கோரிக்கைக்கு விடையாகாது. கிராமத்தார் கேட்ட எந்தக் கேள்விக்காகக் கல்லூரியின் எந்த ஆய்வு தொடங்கப்பட்டது என்று பொதுநிலையினர் கேட்கலாம். அக்கல்லூரிகள் அவர்களுடைய காணிக்கையாலும் உழைப்பாலும் எழுந்தவை. கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இத்தனை குறைகளைச் சொன்ன பிறகும் இந்நூலைப் படிக்குமாறே வேண்டுவேன். அதன் பிற்பகுதியில் நாளைய சமூகத்தைப் பற்றிய கனவுகள் நீண்டு செல்கின்றன. அவ்விடங்களில் மேடைப்பேச்சின் ஆரவாரம் மிகுதி, விரைந்து கடந்துவிடலாம். முதியோர் கல்வியைப் பற்றிய தொடக்க இயல்களையும், மீனவர் ஊர்களைப் பற்றிய பக்கங்களையும் நிறுத்திப் படியுங்கள். கையருகில் டெலேனி அம்மையாரின் நூலும் இருக்கட்டும். குழுவாகப் படிப்பது நலம். ஐந்தாறு பேர் போதும். படிப்போருள் ஒருவராவது கல்லூரியில் கற்பிப்பவராகவும், ஒருவராவது வலை இழுப்பவராகவும் இருந்தால், எந்தப் பக்கத்தில் யார் முதலில் புன்னகைக்கிறார் என்று கவனிக்கலாம்.